“இப்பமே டோக்கன் போட்டிருவோம், அண்ணாச்சி”: அவசரப்படுத்தும் வீட்டுத் தரகரைக் கையாளும் முறை

திருநெல்வேலியில் வீடு தேடுகிறவர் பெருமாள்புரத்தில் ஒன்றும் கே.டி.சி. நகரில் ஒன்றுமாக இரண்டு வீடுகளைப் பார்த்து முடிப்பதற்குள், அவருடைய கைப்பேசி எண் நான்கு தரகர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். தரகர்களில் நேர்மையானவர்கள் பலர் உண்டு. அவர்கள் இல்லாமல் நல்ல வீடு கண்ணில் படுவதும் கடினமே. ஆனால் பதிவு முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன் என்பதால், அவர் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அந்தக் காரணம் இல்லை. இந்த வேறுபாட்டை மறக்காமல் இருந்தால் மற்றவற்றைப் பொறுமையாகச் செய்துகொள்ளலாம்.

முதல் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே கமிஷனைப் பேசிவிட வேண்டும். ஒரு சதவீதமா இரண்டு சதவீதமா, விற்பவரிடமும் வாங்குகிறாரா, எப்போது கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்டு, அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி வைப்பது நல்லது. வங்கி எவ்வளவு கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தத் தொகைக்கு மேல்தான் வீடுகள் வரத் தொடங்கும். குடும்பத்தில் ஒருவர் மட்டுமே தரகரோடு பேசுவது என்று முடிவுசெய்துகொள்வதும் அவசியம். என் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், நான் வேண்டாம் என்று சொன்ன வீட்டை, மறுநாள் என் அம்மாவிடம் “அக்கா, கிழக்குப் பார்த்த வாசல், இதுபோல இனி அமையாது” என்று சொல்லி ஒரு தரகர் பாதி முடித்திருந்தார்.

வீட்டைப் பார்த்துவிட்டுத் தெருமுனைக் கடையில் டீ குடிக்கும்போதுதான் நெருக்கடி தொடங்கும். டீ ஆறுவதற்குள் தரகருக்கு ஒரு அழைப்பு வரும். பேசி முடித்துவிட்டு, “அண்ணாச்சி, மதுரைப் பார்ட்டி ஒண்ணு காலையில வருது. இப்பமே அம்பதாயிரம் டோக்கன் போட்டா வீட்ட உங்களுக்கு நிப்பாட்டி வைக்கேன்” என்பார். ஆனி மாதமாக இருந்தால், ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் ஒன்றும் நடக்காது என்பதையும் சேர்த்துக்கொள்வார். இதற்குக் கோபப்படவும் தேவையில்லை, காரணங்களை அடுக்கவும் தேவையில்லை. “ஒரிஜினலப் பாத்துட்டு, வக்கீல்ட்ட காட்டிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லுதேன் அண்ணாச்சி. அதுக்குள்ள அவங்க முடிச்சா முடிக்கட்டும்” என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்லி, அந்த நாளில் தவறாமல் பதில் சொன்னால் போதும். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால், சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு வருமான வரிச் சட்டப்படி அபராதம் உண்டு என்பதைச் சாதாரணமாக எடுத்துச் சொல்லலாம். டோக்கன் என்கிற முன்பணம் எதுவானாலும், வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான கடன், முந்தைய விற்பனை போன்றவை) பார்த்த பிறகு, உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே செல்ல வேண்டும். தரகரின் கணக்குக்கு அல்ல.

பத்திரங்களைக் கேட்பதுதான் அவசரத்துக்குச் சரியான மருந்து. தரகர் கொண்டுவரும் பிளாஸ்டிக் உறைக்குள் பெரும்பாலும் ஜெராக்ஸ் நகல்களே இருக்கும். மூலப் பத்திரத்தையும் (இப்போதைய உரிமையாளரின் அசல் பத்திரம்) தாய்ப்பத்திரத்தையும் (அதற்கு முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்) நேரில் பார்க்க வேண்டும். ஏனென்றால் மூலப் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்துக் கைமாற்றாகக் கடன் வாங்கியிருந்தால், அது வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பதால், குறைந்தது 30 ஆண்டுகளுக்காவது பார்த்துவிடுவது நல்லது. பட்டா யார் பெயரில் இருக்கிறது, புல வரைபடத்தில் இருக்கும் அளவும் பத்திரத்தில் இருக்கும் அளவும் ஒன்றா என்பதையும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. “அஞ்சு சென்ட்” என்று வாயால் சொல்லப்பட்டது அளக்கும்போது நாலரையாகிவிட்டால், ஒரு பெரிய படுக்கையறை அளவுக்கு இடம் காணாமல் போயிருக்கும்.

நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு சமாதானம், “அக்கா தங்கச்சி கையெழுத்தெல்லாம் வேண்டாம், அவங்களுக்கு அப்பமே நகை போட்டு அனுப்பியாச்சு” என்பது. தந்தை தாமே சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகள்களுக்கும் அதில் பங்கு உண்டு. திருமணத்தில் போட்ட நகை அந்தப் பங்கை அழிக்காது. அவர்கள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். உரிமையாளர் மும்பையிலோ வளைகுடாவிலோ இருந்து, பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) பெற்றவர் விற்பதாக இருந்தால், அந்தப் பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, உரிமையாளரிடம் காணொளி அழைப்பில் ஒருமுறை பேசிவிடுவதும் நல்லது. புது மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு ஒப்புதலையும் ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேட்க வேண்டும். பதிவு பெற வேண்டிய திட்டங்களை விற்றுத் தரும் முகவரும் 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்.

வீட்டை இரண்டாம் முறை தரகர் இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். ஆற்றுக்கு அருகே ஒரு வீட்டைப் பார்த்தபோது, கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்குக் கீழே இருந்த வண்ணம் மேலே இருந்ததைவிடச் சற்றே புதிதாகத் தெரிந்தது. தரகர் வாஸ்துவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் எதிரே இருந்த பெட்டிக்கடையில் கேட்டதற்கு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கடைக்காரர் தம் இடுப்பில் கைவைத்துக் காட்டினார். வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை போன்ற தாமிரபரணிக் கரைப் பகுதிகளில் மட்டுமல்லாமல், குளத்தின் உள்வாயிலும் (தண்ணீர் பரவி நிற்கும் பகுதி) கால்வாய் ஓரங்களிலும் போடப்பட்ட மனைகளிலும் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அந்தச் சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கை (நீர்நிலைக்கான அரசு நிலம்) ஒட்டியிருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

விலையை உரிமையாளர் முன்னிலையில் பேசாமல் முடிக்கக் கூடாது. அவரிடம் 36 லட்சம் என்றும் நம்மிடம் 40 லட்சம் என்றும் சொல்லி, இடையில் இருப்பதை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு, “மொத்தமே நாப்பதுதான்” என்ற பேச்சில் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அடங்காது. 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் அதுவே 3,60,000 ரூபாய்.

பிடிக்காத வீட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்வதில்தான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறோம். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை என்று நினைத்துப் “பாப்போம் அண்ணாச்சி” என்கிறோம். தரகர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு உரிமையாளரிடம் “பார்ட்டி ஓகே” என்று சொல்லிவிடுகிறார். “இந்த வீடு எங்களுக்கு வேண்டாம், வேற இருந்தா காட்டுங்க” என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் காலை ஆறு மணிக்கு அழைக்கிறவரின் எண்ணைத் தடைசெய்துவிடலாம்.

வீடு அமைந்துவிட்டால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அது கட்டாயம். கமிஷனைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து, மூலப் பத்திரங்களும் சாவியும் மின் கட்டண ரசீதும் வீட்டுவரி ரசீதும் கைக்கு வந்த பிறகு, பேசிய தொகை எதுவோ அதை மட்டும், முடிந்தால் வங்கி வழியாகவே கொடுக்கலாம். அலுவலக வாசலில் “பாத்துப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி” என்று கேட்டால், முதல் நாள் அனுப்பிய வாட்ஸ்அப் வரியைத் திறந்து காட்டலாம்.