மீன் தொட்டிக் கழிவுநீரை நுண்பாசியால் சுத்தம் செய்வது எப்படி? 20 லிட்டர் கேனில் ஒரு தொடக்கம்

மீன் தொட்டியிலிருந்து வாராவாரம் வெளியேற்றும் நீரில் அமோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் கரைந்திருக்கும். மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீவனமும்தான் காரணம். குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற நுண்பாசிகளுக்கு இவையே உரம்; வளர வளர உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நீர் பச்சையாகிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பாசி செத்து அழுகினால் உறிஞ்சிய நைட்ரஜன் மறுபடி நீருக்கே வந்துவிடும். பாசியைப் பிரித்து வெளியே எடுத்தால்தான் அது சுத்திகரிப்பு.

முதல் முயற்சிக்குச் சாக்கடை நீர் வேண்டாம். நோய்க்கிருமி ஆபத்து உண்டு. மீனுக்குக் காப்பர் சல்பேட் மருந்து போட்டிருந்தால் அந்த நீரும் ஆகாது, தாமிரம் பாசியைக் கொன்றுவிடும்.

தேவையானவை: நிறமில்லாத 20 லிட்டர் தண்ணீர் கேன், மீன் தொட்டிக்கான சிறிய ஏர் பம்ப், ஏர் ஸ்டோன், டியூப், மல் துணி, படிகாரம், பி.எச். (நீரின் அமில-கார அளவு) மற்றும் அமோனியா, நைட்ரேட், பாஸ்பேட் டெஸ்ட் கிட். விதைக்கு நல்ல பச்சை நிறமுள்ள குளோரெல்லா வளர்ப்பு 2 லிட்டர். மீன்குஞ்சுப் பண்ணைகளில் 'பச்சைத் தண்ணீர்' என்று கேட்டால் கிடைக்கும். அது கலப்புப் பாசியாக இருந்தாலும் பரவாயில்லை.

படி 1: கழிவுநீரை ஒரு நாள் அசையாமல் வைத்து, தெளிந்த மேல்நீரை நான்காக மடித்த மல் துணியில் வடிகட்டுங்கள். 16 லிட்டரைக் கேனில் ஊற்றி, மூன்று டெஸ்ட்டும் எடுத்துக் குறித்துவையுங்கள். நீர் பழுப்பாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலக்கலாம். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் அதை இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடவிட்டுப் பிறகு சேருங்கள்.

படி 2: விதைப் பாசி 2 லிட்டரையும் ஊற்றுங்கள். நுரைக்கு இடம் வேண்டும் என்பதால் கேனை நிரப்ப வேண்டாம். விதையைக் குறைத்தால் வேறு பாசிகளும் பூச்சிகளும் முந்திக்கொள்ளும்.

படி 3: காலை வெயில் படும் இடத்தில் வைத்து, 11 மணிக்கு மேல் பச்சை நிழல் வலை போடுங்கள். குளோரெல்லாவுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உகந்தது. சித்திரை வெயிலில் மூடிய கேன் எளிதாக 40ஐத் தாண்டும், அந்தச் சூட்டில் பாசி வெளுத்துப்போகும்.

படி 4: ஏர் பம்ப் இரவு பகல் ஓட வேண்டும். காற்றுக் குமிழி பாசியைக் கீழே படியவிடாது, கரியமில வாயுவையும் கொண்டுவரும். இரவில் பாசியும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. பம்ப் நின்றால் காலையில் நாற்றம் அடிக்கும்.

படி 5: தினமும் மாலை 3 மணிக்குப் பி.எச். பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். பாசி கரியமில வாயுவை இழுக்க இழுக்கப் பி.எச். ஏறும். 8 முதல் 9 வரை சரி. 9.25ஐத் தொடும்போது நீரிலுள்ள அமோனியாவில் பாதி, வாயுவாக வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாறிவிடும். அது பாசிக்கு நஞ்சு. குமிழியோடு காற்றிலும் கலந்துவிடும். டெஸ்ட் கிட்டில் அமோனியா குறைந்ததாகத் தெரியும், ஆனால் பாசி அதை உண்டிருக்காது. பாஸ்பேட்டும் அப்படியே: போர் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும், பி.எச். இறங்கும்போது ஓரளவு மீண்டும் கரையும். எனவே பி.எச். 9ஐத் தாண்டினால் காற்றைக் கூட்டுங்கள், அல்லது நிழலைக் கூட்டுங்கள். பி.எச். எழுதாத அமோனியா அளவை நம்ப வேண்டாம்.

பாசி முதலில் அமோனியாவை எடுக்கும், அது தீர்ந்த பிறகே நைட்ரேட்டைத் தொடும். ஆகவே முதல் சில நாள் நைட்ரேட் குறையாவிட்டால் பதற்றம் வேண்டாம். பொதுவாக 5 முதல் 8 நாளில் இரண்டும் இறங்கிவிடும். கரும்பச்சை மஞ்சள் பச்சையாக மாறத் தொடங்கினால் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். அன்றே அறுவடை செய்யுங்கள்.

படி 6: அடுத்த முறை விதைக்கு 2 லிட்டர் எடுத்து வைத்துவிடுங்கள். குளோரெல்லா செல் சில மைக்ரான் அளவுதான், துணியில் நிற்காது. படிகாரம் போட்டுத் திரட்ட வேண்டும். 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் நீரில் கரையுங்கள். நான்கு டம்ளர்களில் தலா அரை லிட்டர் பச்சை நீர் எடுத்து, கரைசலை 2.5, 5, 7.5, 10 மி.லி. என விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். எந்தக் குறைந்த அளவில் தெளிகிறதோ அதுவே உங்கள் அளவு. 5 மி.லி.யில் தெளிந்தால் லிட்டருக்கு 10 மி.லி., அதாவது கேனில் மீதமுள்ள 14 லிட்டருக்கு 140 மி.லி. இதை விடியற்காலையில் செய்யுங்கள்; பி.எச். இறங்கியிருக்கும். 9க்கு மேல் படிகாரம் சரியாகத் திரட்டாது. முருங்கை விதைப் பொடியும் திரட்டும், ஆனால் அதிலிருந்து கரையும் கரிமப் பொருளால் நீர் சீக்கிரம் கெடும்.

கேன் ஒன்றிரண்டு நாளில் திடீரெனத் தெளிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் நகரும் புள்ளிகள் தெரிகின்றனவா? ரோட்டிஃபர் போன்ற நுண்ணுயிர்கள் பாசியைத் தின்றுவிட்டன. மொத்தத்தையும் கொட்டி, கேனைக் கழுவி வெயிலில் நன்கு காயவைத்து, வேறு இடத்து விதையோடு தொடங்குங்கள். அதே விதையில் தொடர்ந்தால் அவையும் தொடரும்.

இதையே பெரிய அளவில் செய்ய, 1950களில் கலிபோர்னியாவில் பொறியாளர் வில்லியம் ஆஸ்வால்ட் ஆழம் குறைந்த ஓடைக் குளங்களை வடிவமைத்தார். 20 முதல் 40 செ.மீ. ஆழம், துடுப்புச் சக்கரம் நீரை நகர்த்தும். அதைவிட ஆழமானால் அடியில் இருட்டு.

தெளிந்த நீரை டியூப்பால் மேலிருந்து உறிஞ்சி எடுத்துச் செடிகளின் வேரில் ஊற்றலாம். குடிக்கவோ, பச்சையாகத் தின்னும் கீரை மீது தெளிக்கவோ கூடாது. படிகாரம் சேர்ந்ததால் மீன் தொட்டிக்கும் திருப்பிவிட வேண்டாம். அடியில் திரண்ட பாசியை மணல் பரப்பிய தட்டில் காயவைத்து மக்கு உரத்தில் கலந்துவிடுங்கள்.