"உன் மேல தப்பே இல்ல"ன்னு அவசரப்பட்டு சொல்லிடாதீங்க: மாரல் இஞ்சுரில தவிக்கறவங்களுக்கு எப்படி துணையா இருக்கறது

ராணுவத்துல இருந்து வந்தவரோ, ஆம்புலன்ஸ், ஃபயர் சர்வீஸ், போலீஸ்ல வேலை பாக்கறவரோ, ஒரு சம்பவத்துக்கு அப்புறம் ஆளே மாறிட்டாருன்னா எல்லாரும் உடனே பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமான சம்பவத்துக்கு அப்புறம் வர்ற மனநல பாதிப்புன்னுதான் சொல்லுவாங்க. இருக்கலாம், ஆனா அது கூடவோ இல்ல அது இல்லாமலோ மாரல் இஞ்சுரியும் இருக்கலாம், அதாவது எது சரின்னு நம்பறோமோ அதுக்கு விரோதமா ஒன்னு நடந்ததால மனசாட்சில பட்ட காயம். பிடிஎஸ்டில பயம்தான் பெரும்பாலும் முன்னாடி நிக்கும், டமால்னு சத்தம் கேட்டா உடம்பே தூக்கிப்போடும். மாரல் இஞ்சுரில உள்ளுக்குள்ள அரிக்கறது குற்ற உணர்ச்சி, அவமானம், சில பேருக்கு அடங்காத கோவம். நல்ல துணி போட மாட்டாங்க, பிள்ளைங்கள கொஞ்ச மாட்டாங்க, யாராவது பாராட்டினா எழுந்து போயிடுவாங்க, லீவே எடுக்காம உழைப்பாங்க இல்ல குடிப்பாங்க. தனக்கு சந்தோஷப்பட தகுதி இல்லன்னு தானே தீர்ப்பு எழுதி தானே தண்டனையும் அனுபவிச்சிட்டு இருப்பாங்க.

முதல்ல எது குத்துதுன்னு புரிஞ்சிக்கணும். வியட்நாம் போர்ல இருந்து திரும்பினவங்களுக்கு வைத்தியம் பாத்த ஜொனதன் ஷே, 1990கள்ல இத பத்தி எழுதினப்ப முக்கியமா சொன்னது மேல இருக்கறவங்க செஞ்ச துரோகத்த. 2009ல பிரெட் லிட்ஸும் அவரோட சேந்தவங்களும், தன் கையால செஞ்சது, தடுக்காம விட்டது, கண்ணால பாத்தது எல்லாத்தையும் அதுல சேத்தாங்க. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, மேலதிகாரி பொய் சொல்லி அனுப்பினதால கொதிச்சிட்டு இருக்கறவர்கிட்ட போய் "உன்ன நீயே மன்னிச்சிக்கோ"ன்னா அவருக்கு இன்னும்தான் ஏறும். அவருக்கு வேண்டியது, ஆமா அது அநியாயம்தான்னு யாராவது நேரா ஒத்துக்கறது, முடிஞ்சா அந்த டிபார்ட்மெண்டே ஒத்துக்கறது.

கேக்கறதுதான் இதுல பாதி வேலை, அதுலதான் நாம எல்லாருமே சொதப்பறோம். அவர் வாய தொறந்து ரெண்டு வரி சொல்றதுக்குள்ள "நீ கடமையத்தானே செஞ்ச, உன் மேல தப்பே இல்ல"ன்னு சொல்லிடறோம், பாசத்துலதான் சொல்றோம், ஆனா அவர் காதுல விழறது "இதுக்கு மேல சொல்லாத, எனக்கு தாங்காது"ன்னு. "நாட்டுக்கே ஹீரோ"ன்றதும் அப்படித்தான். முழுசா சொல்ல விடுங்க, எவ்ளோ மோசமா இருந்தாலும் முகம் சுளிக்காம உக்காருங்க, துருவி துருவி விவரம் கேக்காதீங்க. எதிரெதிரா உக்காந்து பேச வராதவங்க கார் ஓட்டும்போதோ கூட நடக்கும்போதோ பேசுவாங்க. "அத நெனச்சா உங்கள பத்தி உங்களுக்கே என்ன தோணுது?"ன்னு ஒரே ஒரு கேள்வி போதும்.

எல்லாம் கொட்டினதுக்கு அப்புறம்தான் யாருக்கு எவ்ளோ பங்குன்னு பாக்கற வேலை. தெரபிஸ்டுங்க செய்யற ஒரு வழி இருக்கு, பேப்பர்ல ஒரு வட்டம் போட்டு பொறுப்ப பங்கு பிரிக்கறது. ஒரு ஆம்புலன்ஸ் ஆள எடுத்துக்குவோம். ரோட்ல ரெண்டு பேர் அடிபட்டு கெடக்கறாங்க, இவர் ஒருத்தர்கிட்ட போனாரு, இன்னொருத்தர் செத்துட்டாரு. முழு வட்டமும் தன்னோடதுன்னுதான் ஆரம்பிப்பாரு. அப்போ கேக்கணும்: குடிச்சிட்டு வண்டி ஓட்டினவனுக்கு எவ்ளோ? ஒரே வண்டிய அனுப்பினதுக்கு எவ்ளோ? வெளிய தெரியாம உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டு இருந்ததுக்கு? எல்லாருக்கும் குடுத்துட்டு, கடைசியாதான் அவரோட பங்கு. மொதல்லயே அவர் பங்க கேட்டீங்கன்னா மத்தவங்களுக்கு எடமே மிச்சம் இருக்காது. அப்புறம், அந்த நிமிஷம் அவருக்கு என்ன தெரியும், பின்னாடி என்ன தெரிஞ்சதுன்னு தனித்தனியா எழுத சொல்லுங்க, பல பேர் மறுநாள் தெரிஞ்சத வெச்சி நேத்து எடுத்த முடிவுக்கு தூக்கு போடறாங்க. இவ்ளோ செஞ்சும் ஒரு துண்டு அவருக்குன்னு மிஞ்சலாம். அத அழிக்காதீங்க. நெஜமாவே தப்பு பண்ணவங்களும் உண்டு, அந்த துண்ட வெச்சிட்டு எப்படி வாழறதுன்றதுதான் மிச்ச கதை.

அதுக்கு பரிகாரம்னு ஒன்னு வேணும். செத்தவருக்கு ஒரு லெட்டர் எழுதலாம், அனுப்பறதுக்கு இல்ல. அடாப்டிவ் டிஸ்க்ளோஷர்னு ஒரு சிகிச்சை இருக்கு, அதுல அவர் ரொம்ப மதிக்கற ஒருத்தர் முன்னாடி, தாத்தாவோ பழைய கேப்டனோ, உக்காந்து நடந்தத ஒத்துக்கற மாதிரி மனசுல கொண்டு வந்து, அவங்க என்ன பதில் சொல்லுவாங்கன்னும் வாய் விட்டு சொல்ல வைப்பாங்க. இது பழகின தெரபிஸ்ட் கூட செய்யறது, வீட்ல நாம ட்ரை பண்ற விஷயம் இல்ல. வெளில செய்யறதுன்னா புதுசா சேந்தவங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கறது, அதே மாதிரி பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒத்தாசையா இருக்கறது. ஆனா கவனிங்க, தூங்காம சாப்பிடாம செஞ்சா அது பரிகாரம் இல்ல, மறுபடி அதே தண்டனைதான். பாதிக்கப்பட்ட குடும்பத்த தேடிப்போய் மன்னிப்பு கேக்கறதுக்கு அவசரப்பட வேண்டாம், அவங்களுக்கு அது வேணுமான்னு யாரும் கேக்கல. விசாரணை, கேஸ்னு ஏதாவது ஓடிட்டு இருந்தா மொதல்ல வக்கீல்கிட்ட பேச சொல்லுங்க, நண்பர்கிட்ட சொன்னதும் சாட்சியாகலாம்.

நம்பிக்கை உள்ளவங்களுக்கு மதப்பெரியவர் உதவுவாரு, அவர் உடனே மன்னிப்ப நீட்டாம காது குடுக்கறவரா இருக்கணும். இதே வேலை பாத்து இதே இடத்துல இருந்து மீண்ட ஒருத்தர் கெடச்சா அவர் பேச்சுதான் எல்லாத்தையும் விட எடுபடும்.

"நான் இருக்கறதுக்கே லாயக்கில்ல"ன்ற மாதிரி பேச்சு வந்தா சுத்தி வளைக்காதீங்க, "சாகணும்னு நெனைக்கறீங்களா"ன்னு நேரா கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் வராது. ஆமான்னா தனியா விடாதீங்க, வீட்ல துப்பாக்கி, மாத்திரை இருந்தா அப்புறப்படுத்துங்க, அன்னிக்கே எமர்ஜென்சிக்கோ ஹெல்ப்லைனுக்கோ போங்க. ரகசியம் காப்பாத்தறேன்னு சத்தியம் பண்ணிருந்தாலும் சரி, இந்த ஒரு விஷயத்துல அத மீறலாம். அதனால ஆரம்பத்துலயே "உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் வெளிய சொல்லுவேன்"னு சொல்லி வெச்சிடுங்க.