முதல் மான் வேட்டை ரைஃபிள்: குறைந்த பணத்தில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் ரைஃபிளிலேயே போட்டுவிடுவதுதான் முதல்முறை வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. ரைஃபிள் வந்துவிட்டால் போதுமா? அதன் மேல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேண்டும், ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்த மவுண்ட்டும் ரிங்கும் வேண்டும், காதுக்குப் பாதுகாப்பு வேண்டும், பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியில் சுட்டுத் தீர்க்கத் தோட்டா வேண்டும். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் ரைஃபிளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுடப்போவது ஓர் உயிரை. அது அடிபட்டுப் புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்காமல், விழுந்த இடத்திலேயே அடங்க வேண்டும். அதற்கு வேண்டியது சுட்டுச் சுட்டுப் பழகிய கை. பேர்பெற்ற துப்பாக்கி அந்தக் கையைக் கொடுத்துவிடாது.

கடைக்குப் போவதற்கு முன்பே சட்டத்தைப் படியுங்கள். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளிலும் எந்தத் தோட்டாவைப் பயன்படுத்தலாம் என்பதற்கு விதி இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய வகை மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறையாத காலிபரும் (குழலின் உள்விட்டம்), குழல் வாயில் குறைந்தது 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரைஃபிளால் மான் சுட, கூடு கழுத்தில் குறுகாமல் நேராகப் போகும் நேர்சுவர்த் தோட்டாக்களுக்கு மட்டும்தான் அனுமதி, கழுத்து குறுகிய .308, .30-06 எல்லாம் அங்கே செல்லாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. இதெல்லாம் தெரியாமல் வாங்கிய ரைஃபிள் சீசன் முழுக்கப் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

பெரிய தோட்டா என்ற மயக்கம்

சரி, காலிபருக்கு வருவோம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். "மான் பெரிய விலங்கு, சக்தி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே" என்று நினைத்து .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற அதிக சக்தித் தோட்டாவுக்கான ரைஃபிளை எடுத்துவிடுகிறார்கள். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ ரைஃபிளில் .243 வின்செஸ்டரின் உதைப்பு (சுடும்போது ரைஃபிள் பின்னோக்கித் தோளில் இடிப்பது) 9 அல்லது 10 அடி-பவுண்டு இருக்கும்; .308 வின்செஸ்டரில் 17 பக்கம் வரும்; .300 மேக்னத்தில் 25-ஐத் தாண்டும். முதல் பத்துத் தோட்டாவுக்குள் தோள் வலிக்கத் தொடங்கும். அப்புறம் ட்ரிக்கரை இழுக்கும் நொடியிலேயே உடம்பு தானாகச் சுருங்கும், கண் மூடிக்கொள்ளும், குழல் கீழே இறங்கும். இந்தப் பதறல் ஒருமுறை பழக்கமாகிவிட்டால் போக்குவது பெரும்பாடு.

என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. பயிற்சித் திடலில் குறி அங்குமிங்கும் போனது. அவர் ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை வைத்துக் கொடுத்தோம். ட்ரிக்கரை இழுத்தார், வெடிக்கவில்லை, ஆனால் குழலின் முனை ஒரு சாண் கீழே இடித்துக்கொண்டு போனது. எல்லாரும் பார்த்தோம், அவரும் பார்த்தார். ஸ்கோப்பில் ஒரு கோளாறும் இல்லை. நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். காசு செலவில்லாமல் இவ்வளவு உண்மையைச் சொல்லும் வேறு சோதனையை நான் பார்த்ததில்லை.

மானுக்கு மேக்னம் தேவையே இல்லை. 1955-ல் வந்த .243 வின்செஸ்டர், 1980-ல் வந்த 7மிமீ-08 ரெமிங்டன், 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர், 1952-ல் வந்த .308 வின்செஸ்டர், இந்த நான்கில் எதுவும் போதும். உதைப்பைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் 1906-ம் ஆண்டின் .30-06-ம் இன்றுவரை நல்ல தோட்டாதான். ஒன்றை மட்டும் சொல் என்றால், பெரியவர்களுக்கு .308 என்பேன். காரணம் எளிது: பல தயாரிப்பாளர்களிடம் கிடைக்கும், பயிற்சிக்கு ஏற்ற மலிவான வகைகளும் உண்டு. உடல்வாகு சிறியது என்றால் 7மிமீ-08 அல்லது 6.5 கிரீட்மோர். .243 எடுத்தால் 90 முதல் 100 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வரையிலான வேட்டைக் குண்டையே போடுங்கள். சிறு விலங்குகளுக்கான லேசான குண்டு மானின் உடலுக்குள் போதிய ஆழம் போகாமல் உடைந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, மலையேறச் சுகமாக இருக்கும் என்று மிக லேசான ரைஃபிளை வாங்குவது. தோட்டா அதேதான் என்றால், ரைஃபிளின் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். தொடக்கக்காரருக்கு ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரைக் கிலோ பக்கம் இருப்பது நல்லது.

அளவையும் பார்க்க வேண்டும். பின்கட்டையின் முனையிலிருந்து ட்ரிக்கர் வரையிலான நீளம் பெரும்பாலான ரைஃபிள்களில் பதின்மூன்றரை அங்குலம் பக்கம் இருக்கும். கை குட்டையானவர்களுக்கு இது நீளம். குளிர்காலத்தில் தடித்த கோட்டு போட்டால் இன்னும் நீளமாகிவிடும். வேட்டைக்குப் போடும் அதே உடையோடு போய்த் தூக்கிப் பாருங்கள். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தால், கழுத்தை நீட்டாமல் ஸ்கோப்புக்குள் முழு வட்டம் தெரிய வேண்டும்.

பேரும் துல்லியமும்

ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் போன்ற சிக்கன போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்) ரைஃபிள்களைப் "பிளாஸ்டிக் கட்டை" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தொடுவதற்கு மலிவாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மானுக்கு வேண்டிய துல்லியம் அவற்றில் தாராளமாக இருக்கிறது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். 100 கஜத்தில் மூன்று குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழும் ரைஃபிள் அதற்குப் போதும். ஓர் அங்குலத்துக்குள் விழவேண்டும் என்று கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் ஐந்தாறு பெட்டித் தோட்டா வாங்கிச் சுடுங்கள்.

பழைய ரைஃபிளும் நல்ல வழிதான், ஆனால் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சத்தில் பாருங்கள்: உள்வரிகள் கூர்மையாக, துருக்குழி இல்லாமல் இருக்க வேண்டும். குழல் வாயின் விளிம்பில் சிறு நசுங்கல் இருந்தாலும் குறி கெடும். கட்டையில் போல்ட்டுக்குப் பின்னால் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குறிப்பிட்ட வரிசை எண்களைத் தயாரிப்பாளர் பழுதுக்காகத் திரும்ப அழைத்திருக்கிறாரா என்று விசாரிப்பதும், துப்பாக்கி மெக்கானிக்கிடம் தோட்டா அறையை அளந்து பார்க்கச் சொல்வதும் கட்டாயம். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஸ்கோப்

பெரிய எண் உள்ள ஸ்கோப்பைக் கண்டால் ஆசை வரும். 6-24 மடங்கு பெருக்கும் மலிவு ஸ்கோப்பில் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. காட்டில் 50 கஜத்தில் மான் வந்து நின்றால் கண்ணாடி முழுக்கப் பழுப்பு ரோமம்தான் தெரியும், எந்த இடம் என்றே புரியாது. 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 40 மிமீ) போதும். மான் நடமாடும் நேரம் விடியலும் அந்தியும் என்பதால், எண்ணைவிடக் கண்ணாடியின் தரத்துக்குக் காசு கொடுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் உதைப்பில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

ரைஃபிளோடு சேர்த்து மாட்டியே விற்கும் ஸ்கோப்பை நம்பி அப்படியே திடலுக்குப் போய்விடாதீர்கள். மவுண்ட்டின் திருகாணிகள் பல நேரம் சரியாக இறுக்கப்பட்டிருக்காது. எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, குறிப்பேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) இறுக்குங்கள். குறி அலைவதற்குக் காரணம் தேடினால் நான் முதலில் கை வைப்பது இந்தத் திருகாணிகளில்தான்.

தோட்டா வாங்கும்போது குழலில் பொறித்திருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மலிவு என்று முழு உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டை மானுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய்விடும், மான் ஓடி எங்கோ போய் மெல்லச் சாகும். விரியும் மென்முனைக் குண்டுதான் வேண்டும். இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்து, உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துப்போவதை எடுத்து அதையே தொடருங்கள். வகையை மாற்றினால் மறுபடியும் ஜீரோ செய்யாமல் (குண்டு விழும் இடத்தோடு ஸ்கோப்பின் குறியைப் பொருத்தாமல்) காட்டுக்குப் போகக்கூடாது.

ரைஃபிள் வெடிப்பு 160 டெசிபல் பக்கம் போகும். 140-ஐத் தாண்டினாலே ஒரே வெடியில் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். போன செவி திரும்பாது. பயிற்சியின்போது காதுச் செருகியும் காதுமூடியும் இரண்டும் போடுங்கள்.

கடைசித் தவறு, மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டுவிட்டு, அதுவே தன் திறமை என்று நம்புவது. காட்டில் மேசை கிடையாது. ஜீரோ செய்து முடித்ததும் எழுந்துவிடுங்கள். உட்கார்ந்து, முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து சுடுங்கள். எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 50 கஜத்தில் மாட்டி ஐந்து முறை சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழுந்தால் 75-க்குத் தள்ளுங்கள், பிறகு 100. .308-ஐ 100 கஜத்துக்கு ஜீரோ செய்திருந்தால் 200 கஜத்தில் குண்டு நான்கு அங்குலம் பக்கம் கீழே இறங்கும், 300-ல் ஓர் அடிக்கும் மேல். எந்தத் தூரத்தில் முதல் குண்டு தட்டை விட்டு விலகுகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் இந்த சீசனுக்கு உங்கள் எல்லை. அது 75 என்றால், 100-ல் எவ்வளவு அழகான கொம்போடு மான் வந்து நின்றாலும் ட்ரிக்கரிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.