கோழிக்குஞ்சும் பின்னல் ஊசியும்: பெங்களூர் வீட்டுக் கொல்லையில் முதல் ஆறு வாரங்கள்

பெங்களூரில் குளிர் விலகி, தெருவோர மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் மாசி மாதம்தான் வீட்டுக் கொல்லையில் கோழிக்குஞ்சு வளர்க்கத் தொடங்குவதற்கு ஏற்ற காலம். மார்கழி, தை இரவுகளின் குளிரைப் பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சு தாங்காது. ஏப்ரலில் கோடைமழை இறங்குவதற்குள் குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருக்க வேண்டும்; ஜூனில் பருவமழை பிடிப்பதற்குள் அவை கூண்டில் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் மாசியில்தான் வந்து நிற்கும்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் இருக்கிறது. முதன்முறை அங்கே நான் வளர்க்க எடுத்த எட்டுக் குஞ்சுகளில் மூன்று முதல் வாரத்திலேயே இறந்துபோயின. தீனியும் தண்ணீரும் விளக்கும் சரியாகவே இருந்தன. அருகில் உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. அடுத்த ஆண்டு காலையும் மாலையும் அரைமணி நேரம் குஞ்சுகள் இருக்கும் பெட்டியின் அருகே உட்கார்வது என்று முடிவு செய்தேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் கை குஞ்சைத் தூக்கச் சொல்லும். அடிக்கடி தூக்கப்படும் குஞ்சு மிரண்டு இரையெடுக்காமல் ஒதுங்கும். இதைக் கண்ட என் அத்தை இரண்டு பின்னல் ஊசிகளையும் ஒரு பருத்தி நூல்கண்டையும் என் மடியில் வைத்தார். அன்றிலிருந்து இந்த இரண்டு வேலைகளும் எனக்கு ஒன்றாகிவிட்டன. ஆகையால் இரண்டையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

குஞ்சு வாங்குவதற்கு முன்

அக்கம்பக்கத்தாரிடமும், அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்திடமும் முதலில் பேசிவிடுங்கள். பெட்டைக்கோழிகளால் பெரிய சத்தம் கிடையாது; விடியற்காலையில் கூவும் சேவலால்தான் சண்டை வருகிறது. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இருப்பினும் ஒருநாள் குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆண் பெண் பிரிக்காமலே விற்கிறார்கள். ஆறு வாங்கினால் பாதி சேவலாக இருக்கக்கூடும் என்று எண்ணி, அவற்றை வளர்ந்தபின் யாரிடம் கொடுப்பது என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி மேம்பாட்டு நிறுவனம் இயங்குகிறது. கொல்லை வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்ட கிரிராஜா இனமோ பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்திலேயே பிறந்தது. நாட்டுக்கோழி அழகும் சுறுசுறுப்பும் உடையது, அடையும் நன்றாகக் காக்கும், ஆனால் முட்டை குறைவு. முதன்முறை வளர்ப்பவர்களுக்குக் கிரிராஜா போன்ற இனத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அது சாதுவானது, எளிதில் பழகும். எண்ணிக்கை ஆறுக்கு மேல் வேண்டாம். ஒற்றைக் குஞ்சாகவும் வாங்காதீர்கள். அது துணை தேடிக் கத்திக்கத்தியே ஓய்ந்துவிடும்.

புரூடர் பெட்டி

தாய்க்கோழியின் சிறகு தரும் வெப்பத்தை நாம் ஒரு பெட்டிக்குள் உண்டாக்க வேண்டும். இரண்டரை அடி நீளமுள்ள அட்டைப்பெட்டி ஆறு குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் போதும்; பிறகு பெரிதாக்க வேண்டியிருக்கும். நான்கு மூலைகளிலும் அட்டைத் துண்டை வளைத்து வைத்து வட்டமாக்கிவிடுங்கள், ஏனென்றால் குளிரும்போது குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, அடியிலுள்ளது மூச்சுத் திணறி இறந்துவிடும். அடியில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பி, முதல் மூன்று நாள் அதன்மேல் செய்தித்தாள் விரித்து, குஞ்சுகள் உமியைத் தீனி என்று எண்ணி விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். எல்இடி விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழை வைத்த 60 வாட் குண்டு பல்புதான் வேண்டும். மின்சாமான் கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது. அதைப் பெட்டியின் நடுவே விடாமல் ஒரு பக்கமாக, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வயரை நம்பாமல் தனிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பல்பு அறுந்து உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் தணிவு என்று இருந்தால் தனக்கு ஏற்ற இடத்தைக் குஞ்சே தேடிக்கொள்ளும். குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைய, விளக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் போதும்.

மின்வெட்டுக்கு முன்னேற்பாடு அவசியம். வெந்நீர் நிரப்பிய பாட்டிலை நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். பின்னிய துணியையோ டர்க்கி டவலையோ சுற்றாதீர்கள். குஞ்சின் நகம் அதில் மாட்டிக்கொள்ளும்.

முதல் நாள்

பெட்டியைக் குஞ்சு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சூடாக்கிவிடுங்கள். பயணத்தில் வாடி வந்த குஞ்சுக்கு முதலில் தண்ணீர், பிறகே தீனி. ஆறவைத்த நீரில் சிறிது வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை மெதுவாக நனைத்துவிட்டால் அது குடிக்கக் கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடாவிட்டால் குஞ்சு அதற்குள் இறங்கி நனைந்து விறைத்துவிடும். மூன்று மணி நேரம் கழித்து நொய்யரிசியைத் தாளின்மேல் தூவுங்கள். மறுநாள் முதல் கடையில் கிடைக்கும் குஞ்சுத்தீவனம். பத்து கிலோ வாங்கினால் ஆறு குஞ்சுகளுக்கு முதல் ஆறு வாரத்தையும் ஏறக்குறைய ஓட்டிவிடலாம். புரதம் 20 விழுக்காடு இருக்கிறதா என்று மூட்டையில் பாருங்கள்.

உட்கார்ந்து பார்ப்பது

வெப்பமானி வாங்குங்கள், ஆனால் குஞ்சுகளை நம்புங்கள். விளக்கின் கீழ் குவிந்து, கீச்சென்று உரத்துக் கத்தினால் குளிர்கிறது. பெட்டியின் ஓரங்களில் ஒட்டி, அலகைத் திறந்து, சிறகை அகற்றி மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாக நடந்து, கொத்தி, திடீரென்று கால் நீட்டிப் படுத்து உறங்கினால் சரியாக இருக்கிறது என்று பொருள். இப்படி உறங்கும் குஞ்சை முதன்முறை பார்ப்பவர்கள் இறந்துவிட்டதாகவே எண்ணிப் பதறுவார்கள். இவற்றையெல்லாம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவரால் காண முடியாது, ஏனெனில் ஆள் நிழல் விழுந்தவுடன் குஞ்சுகள் தம் இயல்பை மறந்து ஓடும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால்தான் தம் வேலைக்குத் திரும்பும்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் ஊசி.

பின்னத் தொடங்குதல்

முதல் வேலையாக ஸ்வெட்டர் வேண்டாம். ஒரு சதுரத் துணி போதும். 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடியும், நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூல்கண்டு ஒன்றும் வாங்குங்கள். சிக்பேட்டை பக்கம் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். உல்லன் நூல் கைக்கு இதமானது, ஆனால் உமித்தூசியும் இறகுத்துணுக்கும் அதில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியை வெந்நீரில் துவைக்கலாம்.

நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இடது ஊசியில் ஏற்றுங்கள். வலது ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்புறமிருந்து நுழைத்து, நூலை ஊசிமுனையில் ஒருமுறை சுற்றி, சுற்றிய நூலைக் கண்ணி வழியே முன்னால் இழுங்கள். புதிதாக வந்த கண்ணியை இடது ஊசியிலேயே ஏற்றிவிடுங்கள். இப்படியே நாற்பது கண்ணி ஏற்றுங்கள். இனிப் பின்னல்: அதே அசைவுதான், நுழை, சுற்று, இழு. ஆனால் புதுக் கண்ணியை வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழையதை இடது ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். நாற்பதும் வலப்பக்கம் வந்ததும் ஊசிகளைக் கை மாற்றி மறுபடியும் தொடங்குங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு துணியில் தெரியும். கண்ணிகளின் எண்ணிக்கையும் மேடுகளின் எண்ணிக்கையும் சமமாகும்போது துணி ஏறக்குறைய சதுரமாகிவிடும், அளவுகோல் தேவையில்லை.

தொடக்கக்காரர்களுக்கு நாற்பது கண்ணி தானாகவே நாற்பத்து மூன்றாகிவிடும். வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிட்டால் முதல் கண்ணியே இரண்டு போலத் தெரியும், அதை இரண்டாகவே பின்னிவிடுவோம். நூல் எப்போதும் கீழே தொங்க வேண்டும். "எண்ணாம அடுத்த மேட்டுக்குப் போகாதம்மா" என்று அத்தை சொல்வார். நான் கண்ணியை எண்ணி முடித்ததும் குஞ்சுகளையும் எண்ணுவேன். ஒன்று குறைந்தால் தண்ணீர்த் தட்டின் பின்புறம், பிறகு உமிக்குள்.

நூல் ஒரு ஆபத்து

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். இரண்டாம் ஆண்டில் நான் வெட்டிப்போட்ட நூல்துண்டு ஒன்று எனக்குத் தெரியாமல் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. மறுநாள் மாலை ஒரு குஞ்சு ஒற்றைக்காலில் நின்றது. கையில் எடுத்துப் பார்த்தால், நடுவிரலின் அடியில் வெள்ளை நூல் மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. அதற்குக் கீழே விரல் வீங்கிக் கருநீலமாகியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் காலை நனைத்து, நகவெட்டும் சிறு கத்தரியின் முனையை விரலின் பின்பக்கம் நுழைத்து, ஒரு சுற்றை மட்டும் அறுத்தபோது மற்றவை தளர்ந்தன. விரல் பிழைத்தது, நகம் போய்விட்டது. நூலை விழுங்கும் குஞ்சுக்கு இரைப்பை அடைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆகவே நூல்கண்டை மூடியுள்ள டப்பாவில் வைத்து, மூடியில் ஒரு துளையிட்டு அதன் வழியே நூலை எடுங்கள். பெட்டியிலிருந்து மூன்றடி தள்ளி உட்காருங்கள். கத்தரியை அந்த இடத்துக்கு எடுத்து வரவே வேண்டாம்.

வாரங்கள் நகரும்போது

முதல் வாரத்தில் குஞ்சின் பின்புறத்தில் எச்சம் ஒட்டி இறுகியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் இளக்கித் துடைக்க வேண்டும்; பிய்த்து எடுத்தால் தோல் கிழியும். உமியை நாள்தோறும் கிளறி, ஈரமான பகுதியை அகற்றுங்கள், ஏனெனில் ஈர உமிதான் இரத்தக்கழிச்சலுக்கு வாசல். குஞ்சைத் தொட்டபின் சோப்பால் கை கழுவிவிட்டே ஊசியைத் தொடுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கொல்லையையே காலி செய்துவிடும். உத்தராகண்டிலுள்ள ராணிகேத்தின் பெயரால் இதைக் கால்நடை மருத்துவர்கள் ராணிகேத் நோய் என்பார்கள். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே காக்கும். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் லசோட்டா சொட்டு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி. பதினான்காம் நாளை ஒட்டி, குஞ்சுகளைத் தாக்கும் இன்னொரு வைரஸ் நோயான கம்போரோவுக்கான சொட்டு. நான்காம் வாரம் மீண்டும் லசோட்டா. எட்டாம் வாரத்தில் ராணிகேத்துக்கே ஆர்2பி என்ற தடுப்பூசி. மருந்துக் குப்பி நூறு குஞ்சுகளுக்கும் அதற்கு மேலும் என்றுதான் வரும், கலந்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆறு குஞ்சுக்காக அதை வாங்குவது வீண். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் நாளைக் கேட்டுக்கொண்டு, குஞ்சுகளைக் கூடையில் எடுத்துச் செல்வதே நல்லது. அதற்கும் வசதியில்லாதவர்கள் தடுப்பூசி போட்ட ஒருமாதக் குஞ்சுகளாகவே வாங்கலாம். விலை கூடினாலும் அதில் தவறொன்றும் இல்லை.

மூன்றாம் வாரத்திலிருந்து வெயில் ஏறியபின் அரைமணி நேரம் கொல்லையில் பஞ்சாரத்துக்குள் விடுங்கள். பருந்தும் காகமும் பூனையும் நகரத்திலும் குறைவில்லை.

கூண்டுக்கு மாற்றுதல்

பங்குனி இறுதியில் குஞ்சுகளுக்கு முதுகிலும் மார்பிலும் இறகு மூடியிருக்கும். இரவில் விளக்கை அணைத்தும் அவை குவியாமல் உறங்கினால் கூண்டுக்குத் தயார். பறவை ஒன்றுக்கு இரண்டு சதுர அடி உள்ளிடம் வேண்டும். கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பெருச்சாளியையும் கீரியையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடித்து, அடிப்பக்கத்தை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். உட்கார்ந்து உறங்க, ஓரம் மழித்த இரண்டு அங்குல மரச்சட்டம். குஞ்சுகளை இருட்டியபின் மாற்றினால் காலையில் அதையே தம் வீடாக ஏற்றுக்கொள்ளும்.

துணி முடிக்கும் முறையும் இதற்குள் தேவைப்படும். இரண்டு கண்ணி பின்னி, முதல் கண்ணியை இரண்டாவதின் மேலாகத் தூக்கிக் கீழே விடுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடியும் தூக்கி விடுங்கள். கடைசிக் கண்ணி வழியே நூலை இழுத்து முடிச்சிடுங்கள். கை இறுகினால் ஓரம் சுருங்கும், அதனால் இந்த வரிசையை மட்டும் தளர்வாகப் பின்னுங்கள்.

இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரத்தில், ஆடி ஆவணியில், முதல் முட்டை வரும். அதற்கு முன்பே முட்டையிடும் தீவனத்துக்கு மாற்றி, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். முதல் முட்டைகள் சிறியவை, சில சமயம் மஞ்சள்கருவே இருக்காது, கவலைப்பட வேண்டாம். முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின்மேல் கோழியே இட்டு அனுப்பும் மெல்லிய பூச்சுதான் கிருமிகளைத் தடுக்கிறது, நீர் பட்டால் அது போய்விடும். ஒட்டிய உமியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, கூரான முனை கீழே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பயன்படுவது, ஓரத்தில் நாற்பத்து மூன்று கண்ணி கொண்ட அந்த முதல் சதுரம்தான்.