பாமினியில் அடித்த பாடம்

பாடசாலையில் படிப்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சிக்குப் போகும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு விஷயம். மட்டக்களப்பில் தரம் 3 பிள்ளைகளுக்கு வாவி மீன்களைக் காட்ட, இரவிரவாக இருந்து பவர்பாயிண்ட் செய்துகொண்டு போனேன். பாடசாலைக் கணினியில் திறந்தால், ‘கொடுவா’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும்! பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை கழன்றுவிடும். ஆகவே தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோட்டில் அடியுங்கள். ஏற்கெனவே பாமினியில் அடித்துவிட்டீர்களா? சரி, உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் பிரதி ஒன்று எடுத்துப் பென் டிரைவில் போடுங்கள். எழுத்து அப்படியே நிற்கும். அசைவூட்டம் மட்டும் போய்விடும். துள்ளிக் குதிக்கும் எழுத்து வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு இடைஞ்சல் என்பதால் எனக்கு அதில் கவலையில்லை. வீடியோ இருந்தால் தனிக் கோப்பாக வையுங்கள்.

அப்புறம், பாடத்துக்கு முன் கடைசி வாங்கில் போய் இருந்து திரையை வாசித்துப் பாருங்கள். கரண்ட் போனால் காட்ட நாலு படமும் பையில் இருக்கட்டும்.