நோயாளிக்கு வீட்டில் நற்கருணை: ஆயத்தம் செய்யும் முறை

படுக்கையிலிருக்கும் பெற்றோருக்கு நற்கருணை (கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகக் கத்தோலிக்கர் பெறும் அப்பமும் இரசமும்) வேண்டுமெனில், நோய் முற்றும்வரை காத்திராமல் இன்றே பங்குத்தந்தையிடம் தெரிவியுங்கள். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் தேவையெனில் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டிலருகே சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தையும் (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம்) மெழுகுவர்த்தியையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வையுங்கள்.

நற்கருணைக்கு முன் 1 மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற திருச்சபைச் சட்டம் முதியோரையும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது என்பதால், மாத்திரைக்காகக் குடித்த கஞ்சியை எண்ணி எவரும் தயங்க வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அப்பத்தின் சிறு துணுக்கே போதும். அதுவும் இயலாதபோது திரு இரத்தத்தை (அர்ச்சிக்கப்பட்ட திராட்சை இரசத்தை) மட்டும் வழங்கலாம், ஏனெனில் இரண்டிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார்.

பெற்றபின் சில நிமிடங்கள் அவர் கையைப் பிடித்தபடி அமைதியாக அமர்ந்திருங்கள். பல மாதங்களாகக் கோவிலுக்குச் செல்ல இயலாதவரின் முகம் அப்போது தெளிவதை நான் கண்டிருக்கிறேன்.