ஆப்பில் ஆர்டர் குவிகிறது, கல்லாவில் காசைக் காணோம்

காட்பாடியில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சாப்பாடு டெலிவரி ஆப்பில் ஆர்டர் கொட்டுகிறது என்று பூரித்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் நோட்டை என் முன்னால் போட்டு, "அண்ணே, காசு எங்க போச்சுன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். கடையில் விற்கும் 200 ரூபாய் விலையையே ஆப்பிலும் போட்டிருந்தார். அதில் 20 சதவீதம் ஆஃபர், அதுவும் முழுக்க அவர் தலையில். மிச்சம் 160. ஆப்பின் கமிஷன் 25 சதவீதம் என்றால் 40 ரூபாய், அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 7.20. கைக்கு வருவது 112.80. கறி, சீரக சம்பா, கேஸ், டப்பா எல்லாம் இதற்குள்தான். கமிஷன் கடைக்குக் கடை மாறும். ஆனால் ஆஃபரில் யார் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தைப் படிக்காமலே ஓகே அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

வரியிலும் ஒரு குழப்பம். ஆப் வழியாக விற்கும் சாப்பாட்டுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜனவரியிலிருந்து ஆப் நிறுவனமே கட்டுகிறது. அது தெரியாமல் அந்த விற்பனைக்கும் சேர்த்துத் தானே கட்டுகிற கடைக்காரர்கள் உண்டு. கணக்கில் காட்ட வேண்டும், கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது பார்சல். பிரியாணியை தம் உடைத்த சூட்டோடு டப்பாவில் அமுக்கி மூடினால், ஆவி மூடியில் முட்டி நீராகிச் சொட்டும். சீரக சம்பா பொடிசான அரிசி. அரை மணி நேரத்தில் குழைந்து கட்டியாகிவிடும். இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, மேலே ஒரு துண்டு வாழையிலை வைத்து மூடிப் பாருங்கள். தயிர்ப் பச்சடியைச் சுடு டப்பாவின் தலையில் வைக்காதீர்கள், வெதுவெதுப்பாய்ப் போய்ச் சேரும். கத்திரிக்காய்த் தொக்கை விட்டுவிட்டால், ஆம்பூர் பக்கத்து ஆட்கள் மன்னிக்கவே மாட்டார்கள்! பிளாஸ்டிக் கேரி பேக் 2019 முதலே தமிழ்நாட்டில் தடை, துணிப்பையோ காகிதப்பையோதான்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் கடை என்றால் ஆர்டர் குறிப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் 'காரம் வேண்டாம், உப்பு கம்மி' என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டு கல்லாவோடு நின்றுவிடும், சமையல் மாஸ்டர் காதுக்குப் போகாது. அப்புறம், சிக்கன் தீர்ந்த பிறகும் மெனுவில் அதை விட்டுவைத்து, ஆர்டர் வந்ததும் கேன்சல் செய்வது. ரேட்டிங் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பர் செய்த இன்னொரு வேலையும் இருக்கிறது. கல்லாவுக்கு மேலேயே ஆப் ஆஃபர் போஸ்டரை ஒட்டி வைத்திருந்தார். எதிர்வாடை மருந்துக்கடைக்காரர் பத்து வருஷ வாடிக்கை. முன்பெல்லாம் கையைத் தட்டிக் கூப்பிட்டு ஒரு பிரியாணி சொல்வார். இப்போது அங்கே உட்கார்ந்தபடியே போனில் ஆர்டர் போடுகிறார். டெலிவரி தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தே ரோட்டைக் கடந்து கொடுத்துவிட்டு வருகிறார்.